பாதை மிக நீளம்

நீளமான பெயர்கள் எனக்குப் பிடிக்காது. ஸ்கேன் சென்டரில் என் வேலையே அவற்றை வெட்டுவதுதான். படத்தின் பெயர், அது இருக்கும் ஃபோல்டரின் பெயர், அதற்கும் மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயர்கள் என எல்லாவற்றையும் ஒரே பாதையாகச் சேர்த்துத்தான் கம்ப்யூட்டர் எழுத்தெண்ணும். ஓர் அளவைத் தாண்டினால், பாதை மிக நீளம் என்று சொல்லித் திறக்க மறுத்துவிடும். வேறு கட்டடத்தில் உட்கார்ந்து படம் பார்க்கும் டாக்டர் திட்டக்கூடாதே என்று தினமும் பெயர்களைச் சுருக்கி வைப்பேன்.

வயிற்று வலி என்று சொன்ன அண்ணியை நான்தான் அங்கே அழைத்துப் போனேன். அண்ணி நல்லவள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. அண்ணனுக்கு வெளியூரில் வேலை தேடியதும், அங்கே வீடு பிடித்ததும் அவள்தான். அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தவன் அண்ணன் மட்டும். என்னையும் வரச் சொன்னாள், விருந்தாளியைக் கூப்பிடுவது போல.

ஸ்கேன் எடுப்பவர் ஓரிடத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துத் தனி ஃபோல்டரில் போட்டார். "இதை டாக்டர் கண்டிப்பா பாக்கணும்" என்றார், குரலைத் தாழ்த்தி.

இப்போதே தெரிந்தால், குடிபோகப்போகும் ஊரில்தான் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று மறுநாளே கிளம்பிவிடுவார்கள். வலி கொஞ்சம் கூடினால் பயணம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் நினைத்தேன். அந்த ஒரு ஃபோல்டரின் பெயரை மட்டும் சுருக்காமல், அண்ணியின் முழுப்பெயர், அவள் அப்பா பெயர், எங்கள் வீட்டு முகவரி என்று நீட்டினேன். எதையும் அழிக்கவில்லை.

டாக்டர் போன் செய்தார். "ஒண்ணு மட்டும் திறக்கலையேம்மா, முக்கியமானதா?"

"இல்ல டாக்டர், சரியா விழாத படம்."

ஸ்கேன் எடுப்பவர் கேட்டபோது, டாக்டர் பார்த்துவிட்டார் என்றேன்.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அண்ணி சிரித்தாள். "பாத்தியா நாத்தனாரே, ஒண்ணுமில்லாத வயித்துக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னியே."

பயணம் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு முறை. வேறிடத்தில் கண்டுபிடித்தபோது வைத்தியத்துக்கு இடமில்லை என்றார்கள். குளிப்பாட்டியது, கஞ்சி ஊட்டியது, படுக்கை மாற்றியது எல்லாம் நான். என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனிடம், "இவளைத் தனியா விட்டுடாதீங்க" என்றாள். அதுதான் அவள் கடைசியாகக் கேட்டது.

இப்போது அண்ணன் எங்கும் போவதில்லை. என்னோடு பேசுவதில்லை, நான் வைத்த சோற்றைத் தொடுவதில்லை. துக்கம் ஆறினால் சரியாகிவிடும்.

புகார் கொடுத்ததே அவன்தான் என்கிறீர்கள். இருக்கட்டும். வீட்டில் தனியாக இருப்பான், என்னைத் தேடுவான். சீக்கிரம் எழுதி முடியுங்கள்.