ஒரு தம்ளர் தண்ணீர்

வியாழக்கிழமை தண்டனை வாசிக்கும்போது போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மூன்றாவது முறையாகத் தொலைபேசி அடித்தது. என் வக்கீல் மார்ஷா. தண்டனையைக் குறைக்கச் சொல்லித் தெரிந்தவர்கள் நீதிபதிக்கு எழுதும் நற்சான்றுக் கடிதங்களைச் சேர்க்க இன்று ஐந்து மணி வரைதான் நேரம். எதிர்வீட்டு டானெலின் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை.

"அது இல்லேன்னா நாலரை வருஷம், ராய்ஸ். இருந்தா மூணோட போயிரும். நேர்ல போய் வாங்கிட்டு வாங்க. அழுது கிழுது வைக்காதீங்க, நல்லா இருக்காது."

நான் அழுகிற ஆளில்லை. தண்டனைக்குத் தயாராவதும் ஒரு வேலைதான், அதை ஒழுங்காகவே செய்துவந்தேன். மத்தியச் சிறையில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்த ஒருவர் எனக்குப் பாடம் நடத்தினார். அடுத்தவர் தட்டைத் தாண்டிக் கை நீட்டக் கூடாது. கேட்காமல் அடுத்தவர் படுக்கையில் உட்காரக் கூடாது. யாரிடமும் என்ன வழக்கு என்று விசாரிக்கக் கூடாது. அறுபத்திரண்டு வயதில் காபியைக்கூட விட்டுவிட்டேன்.

என் வழக்கு காகிதத்தோடு நின்ற குற்றம். பெல்டன் ஊர்க் குடிநீருக்கு இருபது வருடம் நான் பொறுப்பு. பழைய குழாய்களில் ஈயம் இருந்தது. இரவெல்லாம் குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் அந்த விஷம் அதிகம் இறங்கும். அதனால் காலையில் விழும் முதல் தண்ணீரைத்தான் சோதனைக்குப் பிடிக்க வேண்டும் என்பது விதி. நான் சற்று நேரம் ஓடவிட்டுப் பிடித்தேன். ஈயம் சாக்கடைக்குப் போனது, அறிக்கை சுத்தமாக வந்தது. அத்தனை குழாயையும் மாற்ற ஊருக்கு வழியில்லாதபோது ஜனங்களைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது?

டானெல் கதவைத் திறந்தாள். அவள் மகன் வெஸ்லி தரையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஐந்து வயது. மொத்தமே நான்கு வார்த்தைதான் பேசுவான். ரத்தத்தில் ஈயம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

"அந்த ஆளுக்கா எழுதுறேன்னு எங்கக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டா," என்றபடி உறையை நீட்டினாள். "நான் சொன்னேன், வெஸ்லி பொறந்த வாரம் பால்பவுடர் கலக்க இந்தத் தண்ணி ஆகுமான்னு இவர்கிட்டதான் கேட்டேன். விடிஞ்சதும் வந்து, இதே குழாய்ல பிடிச்சு, என் முன்னாலயே ஒரு தம்ளர் குடிச்சுக் காட்டுனாரு. தெரிஞ்சே ஏமாத்துறவன் குடிப்பானாடி? உங்களையும் யாரோ ஏமாத்தியிருக்காங்க ராய்ஸ்."

உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வெஸ்லி எழுந்து வந்து என் ஷூவின் மேல் லாரியை ஏற்றினான். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மார்ஷா கடிதத்தைப் படித்து முடித்தாள்.

"இதைத்தான் எல்லாத்துக்கும் மேல வைக்கப்போறேன். எழுதியிருக்கிறது நிஜம்தானே?"

"ஒவ்வொரு வார்த்தையும்."

பொய் சொல்லவில்லை. அன்று காலை கடைசிச் சொட்டுவரை குடித்தேன். டானெல் எழுதாமல் விட்டது ஒன்றுதான். தம்ளரைக் குழாயடியில் பிடிப்பதற்கு முன், குழந்தைக்கு என்ன பெயர் என்று அவளிடம் விசாரித்தபடி, அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஏழு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டேன்.