கோயில் தரையில் தூங்கியவர்கள்

ராணுவ ஹெலிகாப்டர் வருகிறது. தெற்கிலிருந்து. முதலில் சத்தம் இல்லை. ஓலைக்கூரை மட்டும் நடுங்குகிறது. பிறகு சத்தம். வியாழக்கிழமை. காலை ஏழு மணி இருபது. நேரம் எனக்குத் தெரியும். ரேடியோவில் செய்தி முடிந்து பாட்டு தொடங்கியிருந்தது.

"குப்புறப் படுங்கோ! கிணத்தடிய விட்டு ஓடுங்கோ!"

கத்தியது மரியதாஸ். என் நாத்தனார் ரீத்தாவின் கணவர். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களை ஓடச் சொன்னார். அவர் ஓடவில்லை. டக் டக் டக் டக். நான்கு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி நான்கு. மண் துள்ளியது. வாளி உருண்டது. வாளி நின்ற பிறகும் அவர் எழவில்லை.

நான் ஜெரோமைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். என் மகன். ஐந்து வயது நான்கு மாதம். கால்கள் என் இடுப்பில் இடிக்கின்றன. ரீத்தா பின்னால் வருகிறாள். அவள் கையில் ஏழு மாதக் கைக்குழந்தை. ஜெயந்தி. ரீத்தா திரும்பித் திரும்பிக் கிணற்றைப் பார்க்கிறாள்.

"பனைக்குள்ள ஓடு! பாக்காத! ஓடு!"

அது என் குரல்.

என் பெயர் செசிலி. அப்போது இருபத்தேழு வயது. மன்னார்க் கரையில் மீன்பிடி ஊர். எண்பத்தைந்தாம் வருடம், தவக்காலம். என் கணவர் சூசை அன்று விடியுமுன் கடலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தாரா என்று பார்க்க நாங்கள் ஊரில் இல்லை. என் மாமியார் மட்டும் வரமாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

இரண்டு பகல் பனங்காட்டில் கிடந்தோம். ஜெரோமுக்குக் காய்ச்சல். பிறகு வயிற்றோட்டம். சனிக்கிழமை விடியும் நேரம் ஒரு படகு கிடைத்தது. பதினொரு பேர் ஏறினோம். கடல் நடுவில் ஒரு மணல் திட்டை. படகுக்காரர் அங்கே எங்களை இறக்கினார். இந்தியப் படகு வந்து ஏற்றும், இங்கேயே நில்லுங்கள் என்றார். ஒரு பிளாஸ்டிக் கேன் தண்ணீர் கொடுத்தார். போய்விட்டார்.

திட்டையில் மரம் இல்லை. கல் இல்லை. நிழல் என்றால் நாங்கள் பிடித்த சேலைதான். சனிக்கிழமை யாரும் வரவில்லை. கேன் மூடியால் அளந்து குடித்தோம். ஆளுக்கு ஒரு மூடி. பிறகு பிள்ளைகளுக்கு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை. வெயில் தலைக்கு ஏறவில்லை இன்னும். பத்து மணி இருக்கும். கேன் என் கையில். சாய்க்கிறேன். ஒரு மூடி நிறைகிறது. அதற்கு மேல் வரவில்லை. ரீத்தாவுக்குப் பால் வற்றிவிட்டது. ஜெயந்தி அழுவதை நிறுத்தியிருந்தாள். வாய் திறந்தபடி இருந்தது. ஜெரோம் என் மடியில் கண் மூடிக் கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன். தூங்கட்டும் என்று நினைத்தேன். படகு வந்துவிடும் என்றும் நினைத்தேன்.

மூடியை ஜெயந்தியின் வாயில் வைத்தேன்.

பதினொரு மணிக்கு ஜெரோம் இறந்தான். சத்தம் எதுவும் இல்லை. ஊரில் பூசை முடிந்து சனங்கள் வீட்டுக்குப் போகும் நேரம்.

கையால் தோண்டினோம். தோண்டத் தோண்ட ஓரம் சரிந்தது. ஒரு முழத்தில் தண்ணீர் ஊறியது. உப்புத் தண்ணீர். என் சேலைத் துண்டில் சுற்றி வைத்தோம். மூன்று மணிக்கு ராமேஸ்வரத்துக்காரர்களின் மீன் படகு வந்தது. ஏறினோம்.

மண்டபம் முகாமில் ஒரு டாக்டர் என்னைப் பார்த்தார். ஒரு மூடித் தண்ணீர் அவனைக் காப்பாற்றியிருக்காது, உடம்பில் நீர் ஏற்கனவே போய்விட்டது என்று சொன்னார். நல்ல மனிதர். கேட்டுக்கொண்டேன்.

பதினெட்டு நாள் கழித்துத் திருவண்ணாமலைக்கு அனுப்பினார்கள். அடி அண்ணாமலையில் முகாம். தார்ச்சீட்டுக் கூரை. வரிசை வரிசையாக அறைகள். நடுவில் சாக்குத் தடுப்பு. கதவைத் திறந்தால் மலை. கடல் இல்லாத ஊரில் நான் அதுவரை இருந்ததில்லை. காற்று வந்தால் புழுதி. ரீத்தாவுக்கும் எனக்கும் ஒரே அறை. நாங்கள் இரண்டு பேர். ஜெயந்தி.

நான் ஜெயந்தியின் முகத்தைப் பார்ப்பதில்லை. பால்மா கரைத்தேன். துணி துவைத்தேன். அழுதால் ரீத்தாவைக் கூப்பிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. ரீத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு மாதம் இப்படி இருந்தோம். சண்டை இல்லை. பேச்சும் இல்லை. சோறு வடித்தாச்சா, தண்ணி வந்ததா. அவ்வளவு.

தூக்கம் போய்விட்டது. செபமும். செபமாலையைக் கையில் எடுப்பேன். முதல் மணியைப் பிடிப்பேன். வார்த்தை வராது. வைத்துவிடுவேன். கோபம் இல்லை. கோபம் என்றால் எதையாவது சொல்லியிருப்பேன்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கடலைக் காட்டில் வேலை கிடைத்தது. செடியைப் பிடுங்கிக் காய் ஆய்கிற வேலை. எங்களுக்கு அது கச்சான். அவர்களுக்கு மல்லாட்டை. வேனில் ஏற்றிப் போவார்கள். அங்கேதான் ஆரோக்கியம் அக்காவைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். டவுனில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. வேலை இல்லாத நாளில் கோயிலைப் பெருக்கித் துடைப்பாள். சாவி அவளிடம். கணவன் விட்டுப் போய்விட்டான். நான்கு பிள்ளைகள். என் நிரையிலேயே உட்கார்ந்து ஆய்வாள். என்னை எதுவும் கேட்டதில்லை.

கார்த்திகை தீபத்தன்று சீக்கிரமாக வேலை விட்டார்கள். வேன் டவுன் ஓரத்தில் எங்களை இறக்கியது. ஜெயந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரீத்தாவும் வந்திருந்தாள். மாலை ஆறு மணி. மலை உச்சியில் தீபம் ஏறியது. அரோகரா சத்தம். உடனே வெடி. மூன்று. பிறகு ஒன்று. பிறகு எண்ண முடியாத அளவு.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

எங்களில் யாரோ கத்தினார்கள். என்னோடு முகாமிலிருந்து வந்த ஒன்பது பெண்களும் தார் ரோட்டில் விழுந்தார்கள். ரீத்தா ஜெயந்தியின் மேல் கவிழ்ந்தாள். சுற்றிலும் தீபம் பார்க்க வந்த கூட்டம். சிலர் சிரித்தார்கள். ஒரு முஸ்லிம் பாய் கடையிலிருந்து ஓடி வந்து, "பட்டாசும்மா, பட்டாசுதான், எழுந்திருங்க," என்று ரீத்தாவிடம் குனிந்து சொன்னார். சிரித்தவர்கள் நிறுத்தினார்கள்.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

பயம் இல்லாததால் இல்லை. அது குண்டு என்றே நானும் நினைத்தேன். படுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவ்வளவுதான். விழுந்தால் விழட்டும்.

ஆரோக்கியம் அக்கா அதைப் பார்த்துவிட்டாள். மற்றவர்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அல்லாரும் படுத்தாங்க. நீ மட்டும் நின்ன."

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"நாளைக்கு வேலை இல்ல. மத்தியானம் கோயிலுக்கு வா. வரலன்னா நானே வந்து இட்டுனு போவேன்."

போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. வேறு இடம் இல்லை. மத்தியானம் ஒரு மணி. கோயிலில் யாரும் இல்லை. சிமெண்டுத் தரை. அப்போதுதான் துடைத்திருந்தாள். ஈரம் காயவில்லை. அவள் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் தூண் ஓரமாகப் பாய் விரித்தாள். இரண்டு பாய். ஒன்றில் படுத்தாள். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள்.

"படு."

"அக்கா, செபம்?"

"உனக்கு வருதா?"

"இல்லை."

"அப்ப வுடு. வராதத எதுக்கு இழுக்கற?"

நான் நின்றேன். கோயிலில் படுப்பது எங்கள் ஊரில் இல்லாத பழக்கம். அவள் முந்தானையை விலக்கினாள்.

"எம் பெரிய பொண்ணு மஞ்சக்காமாலைல பூட்டா. பன்னெண்டு வயசு. ஒரு வருசம் எனக்கு சாமி பேரே வாயில வரல. வேலை ஜாஸ்தி, தூக்கம் கம்மி. பெருக்க வந்தவ இங்கியே படுத்துட்டேன். அன்னிலேந்து படுக்கறேன். ஒண்ணும் கேக்கறதில்ல. அவரு முழிச்சினுதான் இருக்காரு. ரெண்டு பேரும் எதுக்கு முழிச்சினு இருக்கணும்?"

சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். குறட்டை விட்டாள்.

முதல் நாள் நான் தூங்கவில்லை. படுத்துக்கொண்டு மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்தேன். புறா நடக்கும் சத்தம். வெளியே பஸ் ஹார்ன். இரண்டாம் நாளும் தூங்கவில்லை. வேலை இல்லாத நாளெல்லாம் போனேன். ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் வெறுமனே படுத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அங்கே யாரும் என்னிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்பது மட்டும் மெல்லப் புரிந்தது. கடவுளும்.

ஆறாவது முறை. வெள்ளிக்கிழமை. ஒரு மணி அடித்தது கேட்டது. அடுத்த மணி கேட்கவில்லை.

விழித்தபோது சன்னல் வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. ஐந்து மணி. சுற்றிலும் பெண்கள் முழங்காலில் இருந்தார்கள். செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக. என்னை எழுப்பக் கூடாது என்று ஆரோக்கியம் அக்கா சொல்லியிருக்கிறாள். பாட்டுப் பயிற்சிக்கு வந்தவர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சுவாமியார் வந்து பார்த்தாராம். பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டுப் போனாராம்.

என் இடது கை மரத்திருந்தது. அசைக்கப் பார்த்தேன். கனம். ஜெயந்தி என் கையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால் ரீத்தா. அவளும் தூக்கத்தில். என்னைத் தேடி வந்திருக்கிறாள். நான் தூங்குவதைப் பார்த்திருக்கிறாள். பிள்ளையை எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள்.

ஜெயந்தியின் முகத்தைப் பார்த்தேன். திட்டைக்குப் பிறகு முதல் முறை. நெற்றியில் வேர்க்குரு. மேலுதட்டில் காய்ந்த பால். மேலும் கீழுமாக நான்கு பல் முளைத்திருந்தது. அது எப்போது முளைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே அறையில் இருந்தேன். தெரியவில்லை.

கையை எடுக்கவில்லை. மரத்தபடியே வைத்திருந்தேன். சுற்றிலும் பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி. அடுத்த மணி. எங்கோ ஓர் இடத்தில் என் உதடும் சேர்ந்துகொண்டது. எந்த மணியில் என்று சொல்ல முடியாது.

ரீத்தா விழித்தாள். நான் பிள்ளையைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

"மச்சாள்," என்றாள். "அண்டைக்கு நான் வேண்டாமெண்டு சொல்லியிருக்கோணும். ஜெரோமுக்குக் குடுங்கோ எண்டு சொல்லியிருக்கோணும். வாய் வரேல்ல."

எட்டு மாதமாக இதைத்தான் வைத்திருந்திருக்கிறாள்.

"நான்தான் குடுத்தனான்," என்றேன். "என்ர கையால. நீ கேக்கேல்ல."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். சுவாமியாரிடம் போனேன். ஒரு பூசை வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். ஜெரோம். சூசையின் மகன். திட்டைக்குப் பிறகு அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னது அப்போதுதான். அவர் எழுதிக்கொண்டார்.

வலி போய்விட்டது என்று எழுத மாட்டேன். போகவில்லை. ஆனால் மறுநாள் காலை என்னால் எழ முடிந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். வழியில் இறக்கி வைக்காமல் அறை வரை கொண்டுவந்தேன். அதுவரை மூன்று முறை இறக்கி வைப்பேன். ஜெயந்திக்கு நானே ஊட்டினேன். ரீத்தா வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டாள்.

பிறகு முகாமிலிருந்து மற்ற பெண்களும் வரத் தொடங்கினார்கள். முதலில் இருவர். பங்குனிக்குள் என்னையும் ரீத்தாவையும் சேர்த்து ஏழு பேர். கணவனைப் பறிகொடுத்தவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். நாள் முழுக்கக் கடலை ஆய்ந்து விரல் வெடித்தவர்கள். ஆரோக்கியம் அக்கா யாரையும் செபம் சொல்லச் சொல்லவில்லை. பாய் கொடுத்தாள். தூக்கத்தில் யாராவது கத்தினால் எழுந்து போய்த் தலையில் கை வைப்பாள். "பட்டாசுகூட இல்லம்மா. தூங்கு," என்பாள். திரும்ப வந்து படுத்துக்கொள்வாள். எனக்குத் தெரிந்து பெரிய செபம் அதுதான். விழித்திருக்கிற கடவுளை நம்பி, வெயில் நேரத்தில், கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு எட்டுப் பெண்கள் தூங்கினோம்.

இதை எழுதுவது எண்பத்தெட்டில். இன்னும் முகாமில்தான் இருக்கிறோம். எங்கள் வீட்டில் என்ன போனது என்று யாரும் இதுவரை கேட்டு எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

மரியதாஸ். முப்பத்து மூன்று வயது. வியாழக்கிழமை காலை ஏழு இருபது. கிணற்றடி. யார் அடக்கம் செய்தார்கள் என்று தெரியாது.

ஜெரோம். ஐந்து வயது நான்கு மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. மணல் திட்டை. சிலுவை வைக்கவில்லை. வைக்கக் குச்சி இல்லை.

என் மாமியார். அடுத்த வருடம் கடிதம் வந்தது. வீட்டிலேயே இறந்தார் என்று இருந்தது. எப்படி என்று இல்லை.

என் கணவர் சூசை. செய்தி இல்லை. அவரை இருப்பவர்கள் பக்கமும் எழுதவில்லை, இறந்தவர்கள் பக்கமும் எழுதவில்லை.

ஒரு வீடு. ஒரு வள்ளம். மூன்று வலை. ஒரு தையல் மெஷின். ஒரு ஆடு, குட்டி போடும் நிலையில். கல்யாணப் படம் ஒன்று.

திட்டையில் இறங்கியவர்கள் பதினொரு பேர். அங்கிருந்து ஏறியவர்கள் பத்துப் பேர்.

எட்டு மாதத் தூக்கம். அதில் கொஞ்சம் திரும்பி வந்தது. மற்றது எதுவும் வரவில்லை.