முதுகு புடிச்ச கை

கிட்ட வந்து குந்துங்கப்பா. விஷாலு, போனை அணைச்சு வை. இது நம்ம பாசித்தோட அக்கா மஹீராவுக்கு நடந்தது.

மழைக்காலம். சாயங்கால மஃரிப் பாங்கு அப்பத்தான் ஓஞ்சுது. செம்பரம்பாக்கம் ஏரியாண்ட, குடோனுங்களுக்குப் பின்னாடி போற ரோடு... ஒரு லைட்டு கெடையாது. அக்கா ஸ்கூட்டில தனியா போவுது. ரோடு முடியற எடத்துல சின்னதா ஒரு பிரசவ ஆஸ்பத்திரி.

அக்கா டூலா. வலி வந்த பொண்ணு கூடவே இருந்து, முதுகு புடிச்சு விட்டு தைரியம் சொல்ற வேலை. அன்னிக்கு கூப்ட்டது கிருஷ்ணப்பிரியான்னு ஒரு ஐ.டி. பொண்ணு.

அங்க நர்ஸ் சொர்ணம். டூலான்னாலே அந்தம்மாக்கு ஆவாது.

"வந்துட்டியா, ஊதுபத்தி ஏத்தி பாட்டு போட. வெளிய குந்து."

"டாக்டர் சரின்னு சொல்லிட்டாங்க, சிஸ்டர்."

"டாக்டர் வர்ற வரிக்கும் இது என் ரூமு."

மூஞ்சிக்கு நேரா கதவை சாத்திச்சு. உள்ள தாப்பா... டக்.

அக்கா பெஞ்சில குந்திகினு அழுவுது. உள்ள நடந்தது, சொர்ணம் அப்புறம் டாக்டராண்ட சொன்னது. பொண்ணு செவுத்துப் பக்கம் திரும்பி படுத்துனு கீது. திடீர்னு சொல்லுது...

"அங்கதான் அக்கா... இன்னும் அழுத்துங்க."

மேஜையாண்ட இருந்த சொர்ணத்துக்கு எரிச்சல். "யாராண்ட பேசறே?"

"மஹீரா அக்காகிட்ட. கைதான் ரொம்ப சில்லுனு இருக்கு."

சொர்ணம் நிமிந்து பாக்குது. கட்டிலாண்ட யாரும் இல்ல. ஆனா பொண்ணு முதுகுல துணி... அமுங்குது. எழும்புது. அமுங்குது. ரூம்ல டெட்டால் வாசனையே காணோம். ஏரிச் சேத்து நாத்தம்.

கதவைத் தொறந்தா, அக்கா பெஞ்சிலயேதான் கீது. சொர்ணம் அக்காவோட முழங்கையைப் புடிச்சு உள்ள இஸ்துச்சு. அக்கா அந்தப் பொண்ணு முதுகுல கை வெச்சா... ஐஸ்.

டாக்டர் வந்தாங்க. கொழந்தை நல்லபடியா பொறந்துச்சு. சொர்ணம் அதும் மூஞ்சியைத் தொடைக்கிது... அப்டியே நின்னுருச்சு.

அக்கா பக்கம் திரும்பி, "இது உன் வேலைதானே?"

"நான் முதுகாண்டல்ல நின்னேன். கொழந்தையைத் தூக்கினது நீங்க."

இன்னிக்கு வரிக்கும் அக்கா சொர்ணத்தை சொல்லுது, சொர்ணம் அக்காவை சொல்லுது. மூஞ்சி குடுத்து பேசறதில்ல.

அன்னிக்கு தொடைக்கும்போது கொழந்தை கன்னத்துல, மச்சான்... ரத்தத்துக்கு அடியில... திருஷ்டிப் பொட்டு. மை இன்னும் காயல.