முழங்கால் ஸ்கேன்

லோகநாயகி: ...கம்மலையும் கழட்டுட்டி. நகைநட்டு எதுவும் மெசினுக்குள்ள ஆவாதாம்.

சண்முகப்பிரியா: கழட்டுதேன். எம்மா, இந்த ஸ்கேன யாரு எடுக்கச் சொன்னா?

லோகநாயகி: டாக்டர்தான்...

சண்முகப்பிரியா: எந்த டாக்டர்? ஆப்பரேசன் பண்ணுனவரு போன வாரம் முழங்காலக் கையால இழுத்துப் பாத்தாரு. புது ஜவ்வு கெட்டியா நிக்கி, படம் எதுக்குன்னுட்டாரு.

லோகநாயகி: ஒரு திருப்திக்கு...

சண்முகப்பிரியா: யாரு திருப்திக்கு?

லோகநாயகி: சத்தம் போடாத. ஆளுவ பாக்குதாவ.

சண்முகப்பிரியா: பாக்கட்டும். ஆப்பரேசன் முடிஞ்சி இன்னும் வருசம் திரும்பல. அதுவரைக்கும் புது ஜவ்வு படத்துல வெளுப்பாத் தெரியலாமாம். வெவரம் இல்லாதவன் பாத்தா அறுந்துட்டுன்னு எழுதிருவான். பொறவு கபடி டீம்ல என்னைய யாரு சேப்பா?

லோகநாயகி: சேக்காட்டா போறாவ. கபடியாலதான முட்டே போச்சு. இன்னும் ஆசை அடங்கலையாக்கும்?

சண்முகப்பிரியா: அடங்கல. அடுத்த மாசம் சிவகிரில மேட்ச். டாக்டர் சரின்னுட்டாரு. எறங்கத்தான் போறேன்.

லோகநாயகி: கட்டிக்குடுக்குத வயசுல...

சண்முகப்பிரியா: ம்... இப்பம் விசயத்துக்கு வா. மாப்ள வீட்டோட ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம்லா. தண்ணி வேகத்துல என் பாவாட ஏறுனப்போ, மாப்ளைக்கு அத்த தழும்பையே பாத்துக்கிட்டு நின்னாவ.

லோகநாயகி: பாறையில வழுக்கி விழுந்த தழும்புன்னு நாந்தான் சொல்லிட்டேனே.

சண்முகப்பிரியா: பாறை தையலு போடுமாம்மா? சொல்லு.

லோகநாயகி: ...அவியதான் கேட்டாவ. காலு ஒழுங்கா இருக்கான்னு படம் எடுத்து அனுப்புங்க, பொறவு பேசுவோம்னாவ. நல்ல எடம்ட்டி. அப்பா இல்லாத பிள்ள நீ... எனக்குப் பயமா இருக்கு.

சண்முகப்பிரியா: எனக்கு அசிங்கமா இருக்கு. சந்தையில மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குத மாதிரி.

லோகநாயகி: இந்த ஒருவாட்டி போய்ப் படுத்துருட்டி. உன்னக் கையெடுத்துக் கும்பிடுதேன்.

சண்முகப்பிரியா: நேத்தே மாப்ளைக்குப் போன் போட்டுட்டேன். நீங்களும் வாங்க, உங்க காலையும் படம் எடுப்போம், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்னேன்.

லோகநாயகி: அடிப்பாவி... என்ன சொன்னாரு?

சண்முகப்பிரியா: வச்சுட்டாரு. காலையில அந்த அத்த உன் போனுக்குப் பேசுனாவ. நாந்தான் எடுத்தேன். இந்தச் சம்மந்தம் வேண்டாமாம். சந்தோசம்னுட்டேன்.

லோகநாயகி: எல்லாத்தையும் முடிச்சுட்டு... பொறவு எதுக்குட்டி தென்காசிக்குப் பஸ்ஸேறி என்கூட வந்த?

சண்முகப்பிரியா: நீயா வாயத் தொறந்து சொல்லுதியான்னு பாக்கத்தான்.