பத்தாயிரத்தோராவது பல்

அக்கா: சுவத்துல சாக்பீஸால எழுதி வெச்சிருக்கேன், நீயே படி.

தம்பி: பத்தாயிரத்து ஒண்ணு... இருபதாயிரத்து ரெண்டு... முப்பதாயிரத்து மூணு. என்னக்கா, வாய்ப்பாடா?

அக்கா: விளையாடாதடா. ராட்டினம் ‘டங்’குன்னு குலுங்குறப்பல்லாம் மீட்டர்ல இருந்த நம்பர். கடைசியா நாற்பதாயிரத்து நாலு. அப்போ உச்சிக் கூண்டு ஊஞ்சலா ஆடிருச்சு. ஓட்டுறது நான், ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் நீ. ஏன்னு சொல்லு.

தம்பி: நிறுத்திட்டேல்ல?

அக்கா: அப்போ நிறுத்தலை, இப்பதான் நம்பரையெல்லாம் சேர்த்துப் பார்த்துப் பயந்து நிறுத்தினேன். ஆனா மேல பதினாறு பிள்ளைங்க... உச்சியில என் பொடிசு.

தம்பி: ஐயோ, மருமகளா! ஏணி வண்டி—

அக்கா: ரெண்டு மணி நேரமாம். காத்து வலுக்குது பாரு.

தம்பி: இரு... சின்னப் பல்சக்கரத்துல எத்தனை பல்லு?

அக்கா: எழுபத்து மூணு. பெருசுல நூத்து முப்பத்தேழு.

தம்பி: ரெண்டுமே பகா எண். பெருக்கினா... அக்கா! பத்தாயிரத்து ஒண்ணு!

அக்கா: அதனால?

தம்பி: ஒரு பல்லு நகர்ந்தா மீட்டர்ல ஒண்ணு ஏறும். இதுல ஒரு பல்லும் அதுல ஒரு பல்லும் ஒரு தடவை சேர்ந்துச்சுன்னா, அதே ஜோடி மறுபடி சேர பத்தாயிரத்து ஒரு பல்லு ஓடணும். நடுவுல மத்த பல்லுங்களோடதான் சேரும். ரெண்டு சக்கரத்துலயும் ஏதோ பல்லு பாதி உடைஞ்சிருக்கணும். பாதிப் பல்லை எதிர்ல இருக்கிற முழுப் பல்லு தாங்கிக்கும். பாதியும் பாதியும் சேர்ந்தா...

அக்கா: பிடி வழுக்கும். டங்!

தம்பி: அடுத்தது அம்பதாயிரத்து அஞ்சுல. அந்த அடியைச் சக்கரம் தாங்காது. இப்ப மீட்டர்ல எவ்வளவு?

அக்கா: நாற்பத்தொம்பதாயிரத்து எழுநூறு.

தம்பி: முந்நூத்தஞ்சுதான் பாக்கி. எல்லாரையும் இறக்க ராட்டினம் ஒரு முழுச் சுத்து சுத்தணும். அதுக்குப் பெரிய பல்சக்கரம் நாலு தடவை சுத்தணும், ஐநூத்து நாற்பத்தெட்டு பல்லு. பத்தாதுக்கா... பாதிச் சுத்துன்னா இருநூத்து எழுபத்து நாலு. பொடிசு இறங்கிடுவா.

அக்கா: மத்த பிள்ளைங்க? அவங்களும் அம்மா பெத்ததுதானே?

தம்பி: சரிக்கா, வேற வழி பார்க்கிறேன்.

அக்கா: ஆமா, முதல் டங் பத்தாயிரத்து ஒண்ணுலன்னா, அந்த ஜோடி சைபர்ல சேர்ந்திருக்கணுமே. திங்கக்கிழமை மீட்டரைச் சைபராக்கினது நீதானே? அன்னைக்கு என்ன ஆச்சு?

தம்பி: ஒண்ணும்... ஒண்ணும் ஆகலையே.

அக்கா: என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

தம்பி: ஸ்பேனர் உள்ள விழுந்து கெடந்ததைப் பார்க்காம சுவிட்சைப் போட்டுட்டேன். வேலை போயிரும்னு வாயே திறக்கலை. எத்தனை பல்லு போச்சுன்னுகூட குனிஞ்சு பார்க்கலைக்கா. அது தெரியாம எந்தப் பக்கமும் திருப்ப முடியாதே...

அக்கா: சக்கரத்துக்கு ஒண்ணுதான்டா. உன் வேலை போயிரக் கூடாதுன்னு, உடைஞ்ச ரெண்டு துண்டையும் அன்னைக்கே பொறுக்கி ஒளிச்சு வெச்சவ நான்தான். ரிவர்ஸ்ல போடு. பின்னாடி நாற்பதாயிரத்து நாலு வரைக்கும் ஒன்பதாயிரத்துக்கு மேல பல்லு இருக்கு, நமக்கு வேண்டியது ஐநூத்து நாற்பத்தெட்டு. மெதுவா, ஒவ்வொரு கூண்டா இறக்கிடலாம்.