முப்பத்தொன்றாம் சான்று

ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்குமே, அதைப் படிக்கிற ஆள்கூட உண்டு. சான்றுப் பட்டியலைப் படிக்கிற ஆளை இந்தப் பதினாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் இல்லாத கட்டுரையை யாரும் ஏற்கவும் மாட்டார்கள். யாரும் பார்க்காத, ஆனால் இருந்தே தீர வேண்டிய ஒரு பக்கத்துக்கு நான் காவலாள். சுகமான வேலைதான், மேடம்.

பட்டியலை எப்படிப் போடுகிறோம் என்று கேட்டீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் ஓர் ஆய்வுக்குழு இருக்கிறது. ஏழு டாக்டர்கள், ஆளுக்கொரு ஷிஃப்ட். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுத அவர்களுக்கு இந்த ஜென்மத்தில் வாய்க்காது. அதனால் விக்கியில் எழுதுகிறார்கள். பொதுச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைச் சுவரே குறித்துவைத்துக்கொள்ளும். வாக்கியம் அவர்களுடையது. 'இதை எங்கே படித்தாய்' என்ற கேள்விக்குப் பதில் வைப்பது நான், ஆஸ்பத்திரி நூலகர். ஒவ்வொரு மூலக் கட்டுரைக்கும் ஒரு சிறு குறி கொடுத்துப் பொதுப் பட்டியலில் சேர்ப்பேன். வாக்கியத்தின் முடிவில் அந்தக் குறியை வைத்தால் எண் தானாக விழும். கடைசிப் பக்கத்தில் முழு விவரமும் தானாக வந்து உட்காரும். குறி இல்லாத வாக்கியம் சிவப்பாகத் தெரியும். ஒரு சிவப்பு இருந்தாலும் கட்டுரை வாசலைத் தாண்டாது. அந்த ஏற்பாடும் நான் செய்ததுதான்.

அதில் ஒரே ஒரு குறை உண்டு. குறி இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். பொட்டலத்துக்குள் சரக்கு இருக்கிறதா என்று பார்க்காது. மனிதர்களும் பார்ப்பதில்லை என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். சிவப்பு மறைந்தால் போதும், ஏழு பேர் முகத்திலும் பரீட்சை முடிந்த களை வந்துவிடும்.

எங்கள் தலைமை டாக்டருக்குக் 'கெடு' என்று பட்டப்பெயர். கட்டுரை அனுப்பக் கடைசி நாள் எது, இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி நேரம், இதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சு வராது. நாங்கள் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வோம். அவருக்கும் தெரியும்.

பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் வலிப்பைப் பற்றிய கட்டுரை அது. கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு சிவப்பு மட்டும் மிச்சம் இருந்தது. குழுவிலேயே இளையவரான பெண் டாக்டர் எழுதிய வாக்கியம். அவரைக் குட்டி டாக்டர் என்போம். பிறந்து ஒரு வாரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு வலிப்பை நிறுத்தும் ஒரு மருந்தைக் கிலோவுக்கு ஒன்பது மில்லிகிராம் வரை கொடுக்கலாம் என்று எழுதி, பக்கத்திலேயே, 'ஒன்பதா? எங்கோ படித்த ஞாபகம். சரிபார்க்கவும்' என்று குறித்துவிட்டு, மூன்று மாதப் பயிற்சிக்கு வேறு ஊர் போய்விட்டார்.

கெடு நூலகத்துக்கே வந்தார்.

"இன்னும் எத்தனை சிவப்பு?"

"ஒண்ணு சார்."

"ஒண்ணே ஒண்ணை வெச்சுக்கிட்டா காலையிலேர்ந்து அடைகாக்கறீங்க? நாலு மணிக்கு அனுப்பணும்."

"தேடிட்டிருக்கேன் சார். சரியா எதுவும் அமையல."

"உங்களுக்கா அமையல? கடல்ல கடுகு விழுந்தாலும் எடுத்துட்டு வர்ற ஆளாச்சே."

புகழ்ச்சிக்கு மயங்காதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நல்லெண்ணம் இருந்தது. அது அன்று போயிற்று.

நான் துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன். நூறு என்று சொன்னால் வாங்க வந்தவன் பேரத்துக்கு நிற்பான். தொண்ணூற்றேழரை என்று சொன்னால், கணக்குப் போட்டுத்தான் சொல்கிறான் என்று பேசாமல் வாங்கிப்போவான் என்பது என் அப்பாவின் சித்தாந்தம். ஆகவே பக்கம் 417 முதல் 423 வரை என்று எழுதினேன். மூன்று ஆசிரியர்கள், நடுவில் இருப்பவருக்கு மட்டும் இரண்டு தலைப்பெழுத்து. முப்பது வருடத்துக்கு முன்பே நின்றுபோன ஓர் இதழ். தலைப்பு கொஞ்சம் சலிப்பூட்டுவதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். சுவாரசியமாக இருந்தால் யாராவது தேடிப் படித்துத் தொலைப்பார்கள். எழுதி முடித்தபோது அதை எப்போதோ படித்த ஞாபகம் எனக்கே வந்தது. குறியை வைத்தேன். முப்பத்தொன்று என்று எண் விழுந்தது. சிவப்பு போயிற்று. மணி மூன்று நாற்பது.

இரண்டு மாதத்தில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அச்சாக இன்னும் நாள் இருந்தது. கெடுவுக்குப் பொறுக்குமா? விக்கிப் பக்கத்தில் இருந்த மருந்தளவு அட்டவணையை அப்படியே ஒரு தாளில் எடுத்து, பச்சிளங்குழந்தைகள் வார்டில் மருந்து அலமாரிக் கதவில் குத்திவைக்கச் சொன்னார். ஒன்பதுக்குப் பக்கத்தில் பொடியெழுத்தில் முப்பத்தொன்று இருந்தது.

அந்த வார்டில் என் தங்கை நர்ஸ். பதினோரு வருட வேலை. அவளும் துணிக்கடைப் பெண்தான், ஆனால் பொய்யாக ஒரு விலை அவள் வாயில் வராது. "உன்னைக் கல்லாவுல உக்கார வெச்சா ஒரே வாரத்துல கடை அன்னசத்திரம் ஆயிடும்" என்று அப்பா அவளை உள்ளேயே விட்டதில்லை.

தாள் குத்திய நான்காம் நாள், செவ்வாய், மதியம் இரண்டு மணி. பிறந்து ஐந்து நாளான குழந்தை, இரண்டரைக் கிலோ. வலிப்பு வந்தது. அந்த மருந்தைத் தாளில் உள்ள அளவுப்படி கொடுக்கச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். என் தங்கை தாளைப் பார்த்து, 'கிலோவுக்கு ஒன்பது' என்று வாய்விட்டுச் சொல்லி அளந்தாள். கூட இருந்த நர்ஸ் காதால் கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். நான்கு மணிக்குக் குழந்தையின் மூச்சு நின்றது. பெயர் இன்னும் வைக்கவில்லை. படுக்கை எண்தான் இருந்தது. எவ்வளவு கொடுத்தீர்கள் என்று குழந்தையின் அப்பா கேட்டார். ஒன்பது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

ஐந்து மணிக்கு நூலகத்துக்கு வந்தாள். கையைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் வந்திருந்தாள். மேசைமேல் தண்ணீர் சொட்டியது.

"அண்ணே, நான் தாளைப் பாத்துத்தான் குடுத்தேன். ஒன்பதுன்னுதான் போட்டிருக்கு. அது சரிதானே? நீதானே அதெல்லாம் பாக்கற. கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

"நீ வீட்டுக்குப் போம்மா. நான் பாக்கறேன்."

"பாத்துடுவல்ல?"

"பாக்கறேன்னு சொல்றேன்ல."

பார்த்தேன். ஒன்பதை மூன்றாக்கினேன். நான் உண்டாக்கிய அந்த மூன்று ஆசிரியர்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, உண்மையான ஒரு கட்டுரையை அதே இடத்தில் வைத்தேன். முப்பத்தொன்று முப்பத்தொன்றாகவே இருந்தது. பழைய பதிப்புகளை மறைக்கும் உரிமை அந்தச் சுவரில் எனக்கு மட்டும்தான் உண்டு. மறைத்தேன். புதிதாக ஒரு தாள் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். அலமாரியின் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்த ஒரு நர்ஸ் நகர்ந்து எனக்கு வழிவிட்டாள். அதே நான்கு குண்டூசி, அதே நான்கு ஓட்டை. அடுத்த வாரம் அச்சுக்கு முந்தைய திருத்தப்படி வந்தபோது அதிலும் மாற்றினேன். நல்ல வேளை கவனித்தீர்கள் என்று இதழிலிருந்து நன்றி எழுதினார்கள். கெடுவுக்குத் தேதிகள்தான் ஞாபகமிருக்கும், அளவுகள் இருக்காது. மற்ற டாக்டர்கள், அந்த வரியை வேறு யாரோ எழுதினார்கள் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை விசாரிக்க வந்தவர்களோடு என் தங்கையும் அலமாரி முன்னால் நின்றாள். தாளில் விரலை வைத்துப் படித்தாள். விரலை எடுத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, நேத்து இது..."

"பதட்டத்துல கண்ணு அப்படித்தான் காட்டும்மா. பதினோரு வருஷத்துல ஒரு தப்பு. நாமளும் மனுஷங்கதானே."

நான் சொன்னதை நம்பினாள். கடைவீதியில் எவன் சொன்ன விலையையும் அவள் நம்பியதில்லை.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதால் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். காலண்டரைக் காட்டி, "அண்ணி, இது மூணா ஒன்பதா?" என்று என் மனைவியிடம் கேட்கிறாள். பஸ் எண்ணைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறாள். கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அந்தச் செலவையும் நான்தான் ஏற்றுக்கொண்டேன்.

நீங்கள் இன்னும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். மூன்று என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வெள்ளிக்கிழமையே தெரியும். பன்னிரண்டு மணிக்கே கண்டுபிடித்துவிட்டேன். கெடு வந்து நின்றபோது என் இரண்டாவது திரையில் அந்தக் கட்டுரை திறந்துதான் இருந்தது. மூன்றுக்கு மேல் போனால் மூச்சு நிற்கும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதைச் சான்றாக வைத்தால் வாக்கியத்தை மாற்ற வேண்டும், அட்டவணையை மாற்ற வேண்டும், ஊரில் இருக்கிற டாக்டர்கள் எல்லாரும் கூடி விவாதிக்க வேண்டும். நாலு மணி போய்விடும். வாக்கியம் அவர்களுடையது, பட்டியல்தான் என்னுடையது. அடுத்தவன் சரக்கில் கை வைக்கக் கூடாது என்பது கடைவீதி ஒழுக்கம். அந்தத் திரையை மூடிவிட்டு, ஒன்பது என்று சொல்லக்கூடிய மூன்று பேரை எழுதினேன்.

குட்டி டாக்டர் பயிற்சிக்குப் போகும் முன் எடுத்துவைத்திருந்த விக்கிப் பக்கத்தின் பிரதி உங்கள் மேசையில் இருக்கிறது. ஒன்பதும், அவருடைய கேள்விக்குறியும். அது கிடைக்காமல் போயிருந்தாலும் நானே வந்து சொல்லியிருப்பேன். ஏழு மாதமாக அதற்கு ஒரு நல்ல நாள்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொடுங்கள், வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் என் தங்கைதான். தனக்காகப் பேச வந்திருக்கிறேன் என்று நினைக்கிறாள். "எனக்காகக் கெஞ்சாதே அண்ணே, தப்பு தப்புதான்" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினாள். தவறு தன்னுடையது என்று நாளைக்கு எழுதிக் கொடுக்கப்போகிறாள். கொடுத்தால் இனி எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் நர்ஸாக இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு வேண்டுகோள், மேடம். இதை அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம். தன் கண்தான் தப்பு என்று இப்போதுதான் ஒருவழியாக மனதைத் தேற்றி வைத்திருக்கிறாள். அதைக் கலைத்தால் தாங்க மாட்டாள். அண்ணன் என்று இருந்துகொண்டு அவளுக்கு இதுகூட நான் செய்யாவிட்டால் எப்படி?