மஞ்சள் வயர் மட்டும்

பழைய வீடியோ கேசட்டை டிஸ்க்கில் ஏற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொறுமை இருந்தால் போதும். கேசட் ஓடுகிற நேரம் முழுக்க டிஸ்க்கும் கூடவே ஓடியாக வேண்டும், குறுக்குவழி கிடையாது. மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. மெஷினை வாடகைக்குக் கொடுத்தபோதே கடைக்காரர் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

கடையிலேயே வேலையைக் கொடுத்திருக்கலாம். "முன்பின் தெரியாதவங்க கையில வீட்டு விஷயத்தை எதுக்குக் கொடுக்கணும், நானே பண்றேன்" என்று நான்தான் சொன்னேன். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு அம்மா குரலே ஞாபகம் இல்ல சித்தி. ஒரு தடவை கேட்டுட்டா போதும்" என்றாள்.

மகள் என்று நான் சொல்கிறேன். பெற்றவள் என் அக்கா. குழந்தை நடக்கப் பழகிய வயதில் நோய் வந்து போய்ச் சேர்ந்தாள். அந்த ஈரம் காய்வதற்குள் அவள் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குப் பழகிப்போனதுதான். அக்காவுக்குச் சிறுத்துப்போன பாவாடை எனக்கு, அக்கா படித்து முடித்த புத்தகம் எனக்கு. "தங்கச்சிக்கு எல்லாத்தையும் கொடுத்துடுறா பாரு, தங்கமான மனசு" என்று வீடே அவளை மெச்சும். புருஷனும் அந்த வழியில் வந்தவர்தான்.

பெண்ணை மட்டும் நானாகச் சம்பாதித்தேன். காய்ச்சலுக்குக் கண் விழித்தது, தலை வாரிவிட்டது, பரீட்சைக்குக் கூட உட்கார்ந்தது எல்லாம் நான். ஒரு நாளாவது அவளாக 'அம்மா' என்று வாய் நிறையக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு, நீங்களே சொல்லுங்கள்.

என் புருஷன் காலமான பிறகு அவருடைய பீரோவில் இந்தக் கேசட்டுகள் கிடைத்தன. அக்கா படத்தில் தலைகாட்டவே மாட்டாள்; கேமரா அவள் கையில். ஆனால் குரல் ஓயாது. "இங்க பாரு பட்டு, அம்மாவைப் பாரு." குழந்தை பார்க்கும், சிரிக்கும். முதல் கேசட்டை முழுக்கப் பார்த்தேன். எழுந்து போய் வெள்ளையையும் சிவப்பையும் உருவினேன். படத்தில் நான் எதையும் வெட்டவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கடைசிக் கேசட் ஆஸ்பத்திரியில் அவர் எடுத்தது. எடுத்த கையோடு பூட்டி வைத்தவர், சாகும்வரை அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதில் அக்காவின் முகம் இருக்கிறது. தலையில் முடி இல்லை. ஏற்றுவதற்கு முன்னால் சத்தத்தோடு போட்டுக் கேட்டேன்.

"பட்டு, அம்மா போயிடுவேன்டா. சித்தி உன்னை நல்லா பார்த்துப்பா. இனிமே அவதான் உனக்கு அம்மா. அவளை அம்மான்னு கூப்பிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

வேறொருத்தியாக இருந்தால் அழுது தீர்த்துவிட்டு வயரை மாட்டியிருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது. போகிற போக்கில் இதையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறாள். அவள் போட்ட பிச்சையாக அந்தப் பெயரை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மஞ்சளை மட்டும் மாட்டி ஏற்றினேன். பிறகு எல்லாக் கேசட்டிலிருந்தும் நாடாவை உருவி, கத்தரித்துக் குப்பையில் போட்டேன். பூஞ்சை பிடித்துச் சத்தம் போய்விட்டது என்று மகளிடம் சொன்னேன். நம்பினாள். நான் அவளிடம் அதுவரை பொய் சொன்னதில்லை.

இப்போது அந்தக் கடைசி டிஸ்க்கைத்தான் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள். டீவியில் முட்டிக்கொள்கிற மாதிரி உட்கார்ந்து, அந்த உதடுகளைப் பார்த்துத் தானும் வாயை அசைக்கிறாள். நேற்று என் மடியில் முகம் புதைத்து அழுதாள்.

"அம்மா என்கிட்ட என்னமோ கேக்குறாங்க சித்தி. என்னன்னு மட்டும் தெரிஞ்சா உடனே செஞ்சிடுவேன்."

தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்குத் தெரியவில்லை என்றேன். பாவம், பெற்றவள் குரல்கூட இல்லாத பெண். இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? என்றைக்காவது அவளாகவே கூப்பிடுவாள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.